அக்காவின் ஊமைப்படங்கள்

அக்காவின் குரலை நான் முதன்முதலாகக் கேட்டது, மைக் கெட்டுப்போனதால்தான்.

தவக்காலத்தில் ஊருக்கு வெளியே ஒரு சர்ச் மைதானத்தில் இயேசுவின் பாடுகளை நாடகமாகப் போட்டார்கள். அதை வீடியோ எடுக்க எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள். நானும் என் கூட்டாளியும் திருப்பரங்குன்றத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கிறோம். கல்யாணம், காதுகுத்து, சடங்கு என்று போய்க்கொண்டிருக்கும். அவன் கேமரா பார்ப்பான், நான் சத்தத்தையும் எடிட்டிங்கையும் பார்ப்பேன். மகனின் உடலை மடியில் கிடத்தித் தாய் அழுகிற இடத்தில் ஸ்பீக்கர் கொர்ரென்று இரைந்து நின்றுவிட்டது. மேடையில் இருந்த பெண் ஒரு கணம்கூட நிறுத்தவில்லை. குரலை மட்டும் கொஞ்சம் உயர்த்தினார். நான் காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றிவிட்டேன். கடைசி வரிசையில் கடலை விற்றுக்கொண்டிருந்தவர் வரைக்கும் அந்தக் குரல் போய்ச் சேர்ந்தது. அவர் கையில் பொட்டலத்தை மடித்தபடி அப்படியே நின்றுகொண்டிருந்தார்.

நாடகம் முடிந்ததும் போய்ப் பேசினேன். சிலோன் அகதிகள் முகாமில் மகளோடு இருக்கிறார் என்று தெரிந்தது. மன்னார்ப் பக்கம். சின்னப் பிள்ளையிலிருந்து மேடைதான். கோயில் நாடகம், நாட்டுக்கூத்து, பிறகு ஒரு குழுவோடு ஊர் ஊராகப் போய் ராணி வேடம் கட்டியிருக்கிறார். இங்கே வந்த பிறகு சமையல் காண்டிராக்டர் ஒருவரிடம் சேர்ந்து கல்யாண மண்டபங்களில் காய் வெட்டப் போகிறார். எத்தனையோ முகூர்த்தங்களில் மண்டபத்தின் முன்பக்கம் நாங்களும் பின்பக்கம் அவரும் இருந்திருக்கிறோம். பார்த்ததில்லை. அன்றைக்கே அவரை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டேன்.

அப்போது நாங்கள் ஒரு குறும்படப் போட்டிக்குக் கதை வைத்திருந்தோம். மேற்கே ஒரு விவசாயக் குடும்பத்துப் பெண். மகன் துபாய்க்கு வேலைக்குப் போனவன். அவன் உடல் வீடு வந்து சேரும் நாள்தான் கதை. கூட்டாளி அந்தப் பக்கத்துக்காரன், அவன் சொந்தத்தில் நடந்த விஷயம் அது. தாயாக நடிக்க ஒத்துக்கொண்டிருந்த பெண் கடைசி நேரத்தில் வர முடியாது என்று சொல்லிவிட, நான் அக்காவைச் சொன்னேன். கூட்டாளிக்கு அரைமனசு. ஒரு தடவை அந்த அழுகையைப் போட்டுக் காட்டினேன். சரி என்றான்.

பேச்சுதான் பிரச்சினை என்று எங்களுக்குத் தெரியும். முகாமில் மாலைக்குள் திரும்பிவிட வேண்டும் என்பதால் பகலில் ஸ்டுடியோவுக்கு வந்து போவார். வசனத்தை நான் சொல்லச் சொல்ல அவர் திருப்பிச் சொல்லுவார். நான் "வாரேன்" என்பேன். அவர் "வாறன்" என்பார். மறுபடி சொல்லச் சொன்னால் சரியாகச் சொல்லிவிட்டு, அடுத்த வரியிலேயே பழையபடி போய்விடும்.

"ஒரு எழுத்துக்காகவோ தம்பி இந்தப் பாடு?" என்று சிரித்தார்.

ஆனாலும் விடாமல் கற்றுக்கொண்டார். அம்புட்டு, இம்புட்டு எல்லாம் நாக்கில் உருள ஆரம்பித்தது. மண்டபத்தில் காய் வெட்டும்போதுகூட மற்றப் பெண்களிடம் சொல்லிப் பழகுவதாகச் சொன்னார். அவர்கள் கேலி செய்வார்களாம். அதுவும் நல்லதுதான், எங்கே பிழை விடுகிறேன் என்று அதில் தெரிகிறது என்றார்.

கீழக்குயில்குடியில் சமணர் மலைக்குப் பின்பக்கம் ஒரு வரப்பில் கடைசிக் காட்சியை எடுத்தோம். மகன் உடல் வருகிறது என்ற செய்தி கேட்டுத் தாய் வயலிலிருந்து எழுந்து நடக்கிறாள், நடந்துகொண்டே அழுகிறாள். ஒத்திகை வேண்டாம், ஒரே தடவையில் எடுப்போம் என்று அக்காதான் சொன்னார். மலை பார்க்க வந்தவர்களின் வேன் கிளம்பிப் போகிற வரைக்கும் காத்திருந்தோம். கூட்டாளி கேமராவோடு பின்னால் நடந்தான். நான் மைக் கம்பைப் பிடித்துக்கொண்டு ஹெட்போனோடு பக்கத்தில் நடந்தேன்.

முதல் இரண்டு வரி நான் எழுதியதுதான். அதற்குப் பிறகு அவர் சொன்னது எதுவும் என்னுடையதில்லை.

"கடல் கொண்டுபோச்செண்டு சொன்னாங்கள் ராசா, நான் நம்பேல்லை. அங்கத்தைக் கரையில நிண்டு பாத்தன். இங்கத்தைக் கரையிலயும் நிண்டு பாத்தன். வாற போட்டெல்லாம் பாத்தன், நீ இறங்கேல்லை."

இன்னும் நிறைய. வரப்பு முடிகிற இடத்தில் உட்கார்ந்துவிட்டார். கூட்டாளி கட் சொல்லவே இல்லை, கேமராவைத் தாழ்த்தினான். நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். குடித்துவிட்டு, "வாயில வந்துது. பிழையெண்டா திரும்பச் செய்வம்" என்றார். வேண்டாம் அக்கா, நன்றாக வந்திருக்கிறது என்றேன். ஏதோ பழைய கூத்துப் பாட்டிலிருந்து எடுத்துச் சொன்னார் என்று நினைத்துக்கொண்டேன். எங்கிருந்து என்று கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

எடிட்டிங்கில் உட்கார்ந்தபோது கூட்டாளி தலையில் கை வைத்துக்கொண்டான்.

"மாப்ள, இது உசிலம்பட்டிப் பக்கத்துச் சம்சாரி வீட்டுப் பொம்பள. இங்க எங்கடா கடல் இருக்கு? சிலோன் படம்னு நெனைச்சுருவாய்ங்க."

அவன் சொன்னதில் தப்பில்லை. வேறு குரல் போட்டுப் பார்த்தோம். தெரிந்த பெண் ஒருவர் வந்து நாங்கள் எழுதிய வசனத்தைப் பேசிக் கொடுத்தார். உதடு ஒட்டவில்லை. அக்காவின் வாய் ஒன்று சொல்ல, கேட்பது வேறொன்றாக இருந்தது. அனுப்ப வேண்டிய கடைசி நாள் நெருங்கியது. அப்போது அவன்தான் சொன்னான், படம் முழுக்கவே பேச்சை எடுத்துவிடலாம், வெறும் இசை, தேவைப்பட்ட இடத்தில் எழுத்து, முகமே போதும் என்று.

சத்தத்தை எடுத்தவன் நான். அந்தக் காட்சியின் ஒலித்தடத்தைத் தேர்ந்து அணைத்தேன். ஒரு வயலினைப் போட்டேன். அதன் பிறகு பார்த்தபோது அக்காவின் முகம் திரையில் பெரிதானதுபோல இருந்தது. எனக்குப் பிடித்துப்போனது. இன்றைக்கு வரைக்கும் அந்த விஷயம்தான் என்னை உறுத்துகிறது. வேண்டா வெறுப்பாகச் செய்திருந்தால்கூட ஒரு ஆறுதல் இருந்திருக்கும். நான் ரசித்துச் செய்தேன்.

அக்காவிடம் சொல்ல வேண்டும் என்று தினமும் நினைத்தேன். போனில் சொல்கிற விஷயமில்லை, நேரில் சொல்வோம் என்று தள்ளிப்போட்டேன்.

படத்தைத் திரையிட்டது ஒரு கல்லூரி அரங்கத்தில். அக்கா நல்ல சேலை கட்டிக்கொண்டு மகளோடு வந்திருந்தார். முகாமிலிருந்து அக்கம்பக்கத்துப் பெண்களும் ஷேர் ஆட்டோ பிடித்து வந்திருந்தார்கள். முதல் சில நிமிடங்கள் அவர்கள் ஒருவர் காதில் ஒருவர் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்கள். கடைசிக் காட்சி வந்தது. அக்கா முன் சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்தார். திரையில் அவர் வாய் திறந்து திறந்து மூடுகிறது. வயலின் வாசிக்கிறது. அக்கா திரும்பி, பின்னால் புரொஜெக்டர் பக்கம் பார்த்தார். ஸ்பீக்கர் கெட்டுவிட்டது என்று நினைத்திருக்கிறார். நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன். குனிந்துகொண்டேன்.

விளக்குப் போட்டதும் கைதட்டல் நிற்கவே இல்லை. அக்கா என் பக்கத்தில் வந்து, "வடிவா எடுத்திருக்கிறீர் தம்பி" என்றார். அவ்வளவுதான்.

மகள்தான் கேட்டாள். "அம்மா கதைச்சது எங்க அண்ணா?"

இசை நல்லா அமைஞ்சுபோச்சும்மா, அதான் என்று ஏதோ உளறினேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அக்கா அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

படத்துக்குப் பரிசு கிடைத்தது. பரிசு கொடுத்த பெரியவர் மேடையில், வாய் பேச இயலாத ஒரு பெண்மணி இவ்வளவு பேசியிருக்கிறார் என்று நெகிழ்ந்து சொன்னார். படத்தில் அவர் ஒரு வார்த்தையும் பேசாததால் அப்படி எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது. அடுத்து மைக் என் கைக்கு வந்தது. திருத்தியிருக்கலாம். நன்றி சொன்னேன், இறங்கி வந்துவிட்டேன். அன்றைக்கு அக்காவுக்கு முகாமில் ஆள் கணக்கெடுக்கிற பதிவு நாள், அதனால் அவர் வரவில்லை. அவர் அங்கே இல்லை என்பது எனக்கு அப்போது நிம்மதியாகக்கூட இருந்தது.

எங்கள் சேனலில் படத்தைப் போட்டபோது, கூட்டாளி அதன் கீழே "பேச்சுத்திறன் இல்லாத நடிகையின் நடிப்பில்" என்று ஒரு வரி எழுதினான். அந்தப் பெரியவர் சொன்னதை எடுத்துப் போட்டிருக்கிறான். நான் படித்தேன். எடுத்துவிடு என்று சொல்லவில்லை. பார்க்கிறவர்கள் கூடிக்கொண்டே போனார்கள். கீழே கும்பிடும் கைகளாகப் போட்டுத் தள்ளினார்கள்.

அதற்குப் பிறகு அக்காவைத் தேடி ஆள் வர ஆரம்பித்தது. குறும்படம் எடுக்கிறவர்கள் மதுரையில் குறைவில்லை. எல்லோருக்கும் அந்த முகம்தான் வேண்டும். ஒருவர் படத்தில் பேசாத பிச்சைக்காரி, ஒருவர் படத்தில் பேசாத துப்புரவுத் தொழிலாளி, இன்னொன்றில் கல்யாணப் பெண்ணின் பேசாத தாய். வெங்காயம் வெட்டுவதை விட இது மேல்தானே என்று அக்காவும் போனார். ஆரம்பத்தில் சிரித்துக்கொண்டுதான் எனக்குச் சொல்லுவார். அவரைக் கூப்பிடுவதற்குக் கை தட்டுவார்களாம். ஒரு டைரக்டரிடம் முதல் நாளே, தம்பி எனக்குக் கதைக்க வரும் என்று சொல்லியிருக்கிறார். அவர் திகைத்துப்போய், வெளியே யாரிடமும் சொல்லிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டாராம்.

"அதனால வாயை மூடிக்கொண்டு இருக்கிறன்" என்றார் அக்கா. அன்றைக்கு அவர் சிரிக்கவில்லை.

இதற்குமேல் நடந்ததைச் சொல்லத்தான் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

சமயநல்லூர்ப் பக்கத்தில் நாடகம் நடத்துகிற ஒருவர் போஸ்டர் டிசைனுக்காக எங்கள் ஸ்டுடியோவுக்கு வந்தார். திருவிழாக்களுக்கு நாடகம் பேசி, நடிகர்களைச் சேர்த்துக் கூட்டிப் போகிறவர். கூட்டாளியும் அங்கே உட்கார்ந்திருந்தான். பேச்சோடு பேச்சாக அவர், தாய் வேடத்துக்கு வயசான நடிகை கிடைப்பதில்லை என்று குறைப்பட்டுக்கொண்டார்.

"ஒங்க படத்துல நடிச்சாங்களே, அந்தம்மா. மொகத்துல அம்புட்டும் இருக்கு. பேச்சு மட்டும் இருந்துருந்தா கையோட கூட்டிட்டுப் போயிருப்பேன்."

மேடை. அக்கா பிறந்து வளர்ந்த இடம். அதை ஒரு வார்த்தையில் நான் அவருக்கு வாங்கிக் கொடுத்திருக்க முடியும்.

"பேசுவாங்கண்ணே" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "பேசுவாங்களா? அப்ப அதுல எழுதியிருக்கது பொய்யா?"

கூட்டாளி என்னைப் பார்த்தான். அவனுக்குப் பின்னால் அலமாரியில் பரிசுக் கேடயம் இருந்தது. நான் சொன்னேன், "கொஞ்சம் கொஞ்சம் பேசுவாங்க."

"கொஞ்சம் பேசி மேடையில என்ன செய்ய" என்று சொல்லிவிட்டு அவர் போஸ்டர் வேலையைப் பேச ஆரம்பித்தார்.

அவர் போன பிறகு கூட்டாளியும் நானும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை. நான் அக்காவுக்குப் போன் போடவுமில்லை.

கொஞ்ச நாள் கழித்து அக்காவே ஸ்டுடியோவுக்கு வந்தார். தனியாக வந்திருந்தார். டீ வாங்கி வரட்டுமா என்று கேட்டேன், வேண்டாம் என்றார். உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஒரு உதவி வேண்டும் என்றார். வரப்பில் எடுத்த காட்சியைச் சத்தத்தோடு ஒரு பிரதி போட்டுத் தர முடியுமா?

எதற்கு அக்கா என்று கேட்டேன்.

அப்போதுதான் மகனைப் பற்றிச் சொன்னார். மகளுக்கு மூத்தவன். இங்கே வரும்போது ஒரு படகில் இடம் போதாமல் தாயும் மகளும் முதலில் ஏறியிருக்கிறார்கள். அவன் பின்னால் வந்த படகில் ஏறியவன். அந்தப் படகு வந்து சேரவில்லை. இத்தனை வருஷத்தில் அவனுக்காக அவர் வாய்விட்டு அழுததில்லை. அழுதால் செத்துப்போனான் என்று ஒத்துக்கொண்டதாகிவிடும் என்று வைராக்கியமாக இருந்திருக்கிறார். மகளுக்கு அதில் பெரிய குறை. அண்ணனுக்கு ஒரு ஒப்பாரிகூட இல்லையா என்று சண்டை பிடிப்பாளாம்.

"அண்டைக்கு அந்த வரம்பில என்னை அறியாமல் வந்திட்டுது. படத்தில கேட்பாய் எண்டுதான் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்தனான். இந்த முறைதான் முதல்தரமா அவனுக்குத் திவசம் செய்யப்போறம். அவளுக்கு ஒருக்காக் கேட்கக் குடுப்பம் எண்டு."

எழுந்து நின்றேன். அந்த ஒலி என்னிடம் இல்லை. படம் முடிந்த பிறகு, இடம் போதவில்லை என்று அந்த ஹார்ட் டிஸ்க்கை அழித்து ஒரு கல்யாணத்தைப் போட்டு வைத்திருந்தேன். மேடை அலங்காரமும் மாப்பிள்ளை அழைப்பும் அக்காவின் ஒப்பாரி மேல் உட்கார்ந்திருந்தன.

சொன்னேன். அதைச் சொன்ன கையோடு, பரிசு மேடையில் வாயை மூடிக்கொண்டு இறங்கியதையும், சேனலில் இருந்த வரியையும், நாடகக்காரரிடம் கொஞ்சம் கொஞ்சம் பேசுவார் என்று சொன்னதையும் சொல்லிவிட்டேன். நடுவில் எங்கேயும் அவர் குறுக்கிடவில்லை. நான் முடித்த பிறகுதான் பேசினார்.

"என்ர தமிழ் உங்களுக்குச் சரிவரேல்லை எண்டா என்னட்டச் சொல்லியிருக்கலாம் தம்பி. நான் கூலிக்கு வந்த ஆள், கோவிச்சிருக்க மாட்டன். சொல்லாமல் எடுத்தீரே."

திரும்ப ஒரு தடவை பதிவு செய்து தருகிறேன் அக்கா, நாளைக்கே அங்கே போகலாம் என்றேன். அவசரத்தில் வந்த வார்த்தை. சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"அது வேடம் இல்லை, கேட்கிற நேரம் வர" என்றார். பிறகு கையை நீட்டினார். "அந்த நாடகக்காரர்ர நம்பரைத் தாரும்."

எழுதிக் கொடுத்தேன். அங்கேயே, என் முன்னால் நின்றே போன் போட்டார். எங்கள் மேல் குறை எதுவும் சொல்லவில்லை. தான் இன்னார் என்று சொல்லிவிட்டு, அண்ணே ஒரு நிமிஷம் கேளுங்கோ என்று ஒரு ராணி வேடத்தின் வசனத்தை எடுத்துவிட்டார். கதவு திறந்திருந்தது. பக்கத்துப் பூக்கடைக்காரம்மா எட்டிப் பார்த்தார். எதிரே ஜெராக்ஸ் கடையில் நின்றவர்கள் திரும்பினார்கள். வசனம் முடிந்ததும் அந்தப் பக்கத்திலிருந்து என்ன சொன்னார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. "ஓம், வாறன்" என்று சொல்லி அக்கா போனை வைத்தார். என்னிடம் போய்ட்டு வாறன் என்று சொல்லாமல் படி இறங்கினார்.

அன்றைக்குச் சாயங்காலம் நானும் கூட்டாளியும் கடுமையாகச் சண்டை போட்டோம். அவன் எழுதினான், நான் விட்டேன், இதில் யார் தப்பு பெரிது என்று. கடைசியில் அவனே அந்த வரியை எடுத்துவிட்டு, நடந்ததை எழுதி மன்னிப்புக் கேட்டுப் போட்டான். அதை ரொம்பப் பேர் பார்க்கவில்லை. ஆனால் எங்கள் படத்தை வெட்டி எடுத்துத் தங்கள் பக்கங்களில் போட்டவர்கள் ஏராளம். அதிலெல்லாம் அக்கா இன்னும் வாய் பேச முடியாதவர்தான். நான் ஒவ்வொருவருக்கும் எழுதிப் பார்த்தேன். சிலர் எடுத்தார்கள். சிலர் பதில்கூடப் போடவில்லை.

திவசத்துக்கு என்னைக் கூப்பிடவில்லை. மகள் மட்டும் பிறகு ஒருநாள் போனில், அம்மா வீட்டிலேயே அழுதார், நான் பக்கத்தில் இருந்தேன் என்று சொன்னாள். ஏன் எனக்குச் சொன்னாள் என்று தெரியவில்லை. நான் நிம்மதியடைய வேண்டும் என்று சொன்னாளோ, தெரிந்துகொள் என்று சொன்னாளோ. இரண்டாவதாகத்தான் இருக்கும்.

முகாமில் அனுமதி வாங்கிக்கொண்டு அக்கா மேடையேறினார். முதலில் போன ஊர்களில் அவர் பேச்சைக் கேட்டுச் சிரித்திருக்கிறார்கள். மதுரைப் பேச்சு பேசிக் காட்டவா என்று நாடகக்காரரிடம் கேட்டிருக்கிறார். வேண்டாம்மா, ராணி எந்த ஊர்க்காரின்னு எவனுக்குத் தெரியும், ஒங்க பேச்சே பேசுங்க என்று அவர் சொல்லிவிட்டாராம். இத்தனை எளிதாக ஒரு மனுஷனுக்குத் தோன்றியது, எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

அவரை மறுபடி பார்ப்பேன் என்று நான் எதிர்பார்க்கவில்லை. போன மாதம் ஒரு கோயில் நாடகத்தை வீடியோ எடுக்க நாடகக்காரர் எங்களைக் கூப்பிட்டார். அக்காதான் சொல்லியிருக்கிறார் என்று பிறகு தெரிந்தது. விடிய விடிய நடந்த நாடகம் முடிந்து, காலையில் சாமான்களை ஏற்றிக் கூட்டாளியை அனுப்பிவிட்டு, சமயநல்லூர் பஸ் ஸ்டாப்பில் அக்காவோடு நின்றேன். பேச்சு அதிகமில்லை. வெயில் ஏற ஆரம்பித்திருந்தது.

இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தாள். அக்காவைப் பார்த்து, தன் கண்ணைத் தொட்டு, செல்போனைக் காட்டி, நெஞ்சில் கை வைத்துக் காட்டினாள். படத்தைப் பார்த்தேன், அழுதுவிட்டேன் என்கிறாள். வாயால் ஒரு வார்த்தை இல்லை. பிறகு குழந்தையை முன்னால் நீட்டினாள், ஆசீர்வாதம் செய்யச் சொல்லி.

சொல்லிவிடலாம் என்று நான் வாயைத் திறந்தேன். அக்கா என் முழங்கையைத் தொட்டார். குழந்தையின் தலையில் கை வைத்து, கன்னத்தை வழித்து, அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு, நன்றாக இரு என்று கையாலேயே சொன்னார். அந்தப் பெண் கண்கலங்கிக் கும்பிட்டாள். அவள் பஸ் வந்தது. ஏறி, ஜன்னலிலிருந்து குழந்தையின் கையை எடுத்து ஆட்டிக்கொண்டே போனாள். அக்காவும் பஸ் மறைகிற வரைக்கும் கையாட்டினார்.

"ஏன்க்கா?" என்றேன்.

"சொன்னா அந்தப் பிள்ளைக்கு வெக்கமாப் போயிடும். அவள் என்ன பிழை செய்தவள்?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"முகத்தைத் தூக்கும். நல்லாத்தானே நடிச்சனான்?" என்றார்.

ஆமாக்கா என்றேன். அவருக்கு முகாம் பக்கம் போகிற பஸ் வந்தது. கூட்டமாக இருந்தது. படியில் நின்றவர்களைத் தள்ளி நிற்கச் சொல்லி, கண்டக்டருக்குக் கேட்கும்படி சத்தமாகத் தன் ஸ்டாப்பின் பேரைச் சொல்லிக்கொண்டே ஏறினார்.